கொன்சுயேக்ரா சந்தில் ஏழு பேர் வண்டி

ரிச்சர்ட்சனில் பால் வாங்கக்கூட நாங்கள் வண்டியில்தான் போவோம். அந்தப் பழக்கத்தை டெக்சஸிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

ஸ்பெயினில் பார்க்க வேண்டிய மற்ற ஊர்களையெல்லாம் கணவரும் அத்தையும் மாமாவும் தேர்ந்தெடுத்தார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: கொன்சுயேக்ரா. குன்றின் மேல் ஒரு கோட்டை, பக்கத்தில் வரிசையாக வெள்ளைக் காற்றாலைகள். அவற்றில் ஒன்றுக்குள் பழைய மரப் பல்சக்கரங்கள் அப்படியே இருக்கின்றன. மெக்கானிக்கல் படித்த எனக்கு அதைப் பார்க்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள், திரும்பத் திறக்கும்போது நாங்கள் கிரனடா போகும் வழியில் இருப்போம். இதை எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

நான் பதிவு செய்திருந்தது சின்ன கார். மாட்ரிட் விமான நிலையக் கவுண்டரில், அதே வாடகைக்கு ஏழு பேர் உட்காரும் வண்டி தருவதாகச் சொன்னார்கள். நான்கு பேருக்கு எதற்கு என்று நான் கேட்பதற்குள் கணவர் சாவியை வாங்கிவிட்டார்.

"ஃப்ரீ அப்கிரேட்மா! வேண்டாம்னு யாராவது சொல்லுவாங்களா?"

"சும்மா வர்றத ஏன் கண்ணு விடோணும்?" என்றார் மாமா.

கொன்சுயேக்ராவில் குன்றின் அடிவாரத்திலேயே நிறுத்த இடம் இருந்தது. "இங்கேயே விட்டுட்டு நடக்கலாம்ங்க" என்றேன். கணவர் கேட்கவில்லை. மேப் காட்டிய ஒரு சந்தில் திருப்பினார்.

"பாரு, ட்ராஃபிக்கே இல்ல."

உள்ளூர்க்காரர் யாரும் அதில் கார் ஓட்ட மாட்டார்கள். அதனால்தான் ட்ராஃபிக் இல்லை. முதல் வளைவில் பக்கக் கண்ணாடிகளை மடக்கினோம். அடுத்த வளைவில் வண்டி நின்றுவிட்டது. இரு பக்கமும் சுவர், கதவைத் திறக்க வழியில்லை. ஒரு பெண்மணி ஜன்னலில் இருந்த பூந்தொட்டியை அவசரமாக உள்ளே எடுத்துக்கொண்டார்.

மணி ஒன்றரை. அத்தை மடியில் டப்பாவைத் திறந்தார். புளிசாதம்.

"வண்டிதான் நகரலையே. அதுக்குள்ள ஆளுக்கொரு வாய் சாப்பிட்டுக்கலாம்."

நான் சீட் பெல்ட்டைக் கழற்றினேன். யாரும் உட்காராத மூன்றாவது வரிசையைத் தாண்டி, பெட்டிகளின் மேல் ஏறி, டிக்கி வழியாகத் தெருவில் குதித்தேன்.

"எங்க கண்ணு போற? அப்பளம் இருக்குது!" என்று அத்தை கூப்பிட்டார்.

மேடு முழுவதும் எதிர்க்காற்று. நான் போய்ச் சேர்ந்தபோது காவலாளி கையில் சாவியுடன் வாசலில் நின்றிருந்தார். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஐந்தே நிமிடம் என்று ஐந்து விரல்களைக் காட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், எனக்கு மூச்சு வாங்குவதையும் பார்த்தார், வழிவிட்டார்.

குறுகலான படியில் பாதி ஏறியபோது போன் அடித்தது.

"எங்க போய்ட்ட? ரிவர்ஸ் எடுக்கணும். பின்னாடி நின்னு பாக்க ஆள் வேணும்."

"மாமாவை நிக்கச் சொல்லுங்க."

"அப்பா சாப்பிட்டுட்டு இருக்காரு."

"அப்போ அவர் சாப்பிட்டு முடிக்கட்டும்" என்று சொல்லி போனை அணைத்தேன்.

மேல்தளத்தில் சுற்றிலும் சிறு ஜன்னல்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று ஆலைக்காரர் பார்ப்பதற்கு. நடுவில் என்னைவிட உயரமான மரச் சக்கரம். அதன் பல் ஒவ்வொன்றும் கையால் செதுக்கப்பட்டது. தேய்ந்த பற்களுக்கு நடுவே ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. எப்போதோ உடைந்து, யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, காவலாளி கீழிருந்து கூப்பிடும்வரை நின்றேன்.