உள்ளூரிலேயே இருக்க விருப்பம்

இன்று காலை கைப்பேசியில் ஏதோ ஒரு படிவம். 'சம்மதம்' என்ற கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கூடவே, வெங்காயம் வதங்கும் வாசனையும் நினைவில் வந்தது.

சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன்பு, புதுக்கோட்டையில் ஒரு பரோட்டாக் கடைக்கு மேல் மாடியில்தான் எங்கள் வெப்சைட் கம்பெனி. கம்பெனி என்றால் நானும், அன்னவாசலிலிருந்து பஸ்ஸில் வரும் கலைச்செல்வியும்தான். நாலு மணிக்கு வாசனை மேலே ஏறினால் அவருக்கு வேலை ஓடாது. எனக்குக் காலையிலிருந்தே ஓடாது. அவர் எதிரில் உட்கார்ந்திருப்பார்.

பொன்னமராவதிக் கல்யாணத் தரகர் ஒருவருக்கு வரன் பதியும் பக்கம் செய்தோம். அதில் ஒரு கட்டம்: 'உள்ளூரிலேயே இருக்க விருப்பம்.' சோதித்துப் பார்க்கக் கலைச்செல்வி தன் பெயரையே பதிந்தார். என் திரையில் அவர் பெயருக்கு நேரே டிக் விழுந்தது. எனக்கோ குவைத் விசா வந்திருந்தது; வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போவதில்லை என்று அந்த நிமிடமே முடிவெடுத்தேன். மாலையில் அவரிடம் பேசிவிடுவது என்றும்.

அதற்குள் தரகர் போன் செய்தார். "தம்பி, பதிஞ்ச அத்தன பேரும் உள்ளூர்லயே இருக்கேங்குறாங்களே! நம்மூர்ல அப்படி ஒரு மாப்பிள்ளைகூடக் கெடையாதுங்க."

தப்பு என்னுடையது. நிரலில் கட்டத்தின் 'வேல்யூ'வைப் படித்திருந்தேன். டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது 'ஆன்' என்றே சொல்லும். படிக்க வேண்டியது 'செக்டு'. டிக் இருக்கிறதா இல்லையா என்று அதுதான் உண்மை சொல்லும். ஒரு சொல்லை மாற்றினேன், சரியாகிவிட்டது. ஆனால் பழைய பதிவுகளில் யார் டிக் போட்டார், யார் போடவில்லை என்று இனித் தெரியாது. எனக்கிருந்த கொஞ்சம் தைரியமும் அதோடு போயிற்று.

விசாவுக்குச் சரி சொல்லிவிட்டு, விடைபெறும்போது அசட்டுச் சிரிப்போடு இதையெல்லாம் கலைச்செல்வியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"மெசினுகிட்டதான் கேட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார். பிறகு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்."

அப்போதாவது கேட்டிருக்கலாம். படிக்கட்டில் அவர் செருப்புச் சத்தம் முடியும்வரை நின்றேன், அவ்வளவுதான்.

இன்றும் குவைத்தில் வெப்சைட் பக்கங்கள்தான் எழுதுகிறேன். பக்கம் திறந்ததும் எல்லாக் கட்டங்களையும் 'ஃபால்ஸ்' என்று காலியாக வைத்துவிடுவேன். அடுத்தவர் பதிலை நானாகப் போடுவதில்லை. தரகரின் தளம் எப்போதோ மறைந்துவிட்டது. அந்த மாடி செல்போன் கடையாகிவிட்டது. போன லீவில் ஊருக்குப் போனபோது, நாலு மணிக்குக் கீழே பரோட்டாக் கடை முன் போய் நின்றேன். அதே வாசனை. கலைச்செல்வி உள்ளூரிலேயே இருக்கிறாரா என்று கேட்க, தெரிந்த முகம் ஒன்றும் அங்கே இல்லை.