பென்சிலில் எழுதிய பூக்கள்

“ஐப்பசி முதல் வெள்ளி. பூ 1. நந்தியாவட்டை, ஐந்து இதழ். இரண்டாவது இதழிலேயே கட்டைவிரல் வலிக்கிறது என்றார்.”

என் குறிப்பேட்டில் இப்படித்தான் இருக்கிறது. அடுத்த பக்கங்களில் பூ 2, பூ 3 என்று மார்கழி வரை முப்பத்தொரு பூக்கள். எல்லாம் என் கணவர் செய்தவை.

பொதட்டூர்பேட்டையில், அவருடைய அக்காவின் கணவரான பாவாவின் கொட்டகையில் விசைத்தறி ஓட்டுகிறார். ஆவணியில் பைக்கிலிருந்து விழுந்து வலது கட்டைவிரல் முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் விரல் சரியாக மடங்கவில்லை. தறியில் இழை அறுந்தால் இரண்டு நுனிகளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே பிடித்து முடிச்சுப் போட வேண்டும். அது வராதவருக்குத் தறியில் இடமில்லை.

மருத்துவமனையில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் களிமண் பிசையச் சொன்னார். வெறுமனே பிசைய இவருக்குப் பிடிக்கவில்லை. கனகம்மாசத்திரம் போகும் வழியில் பீங்கான் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே மண் வாங்கிவந்து இதழ் இதழாகக் கிள்ளி எடுத்தார். டிவிக்கு மேலே இருக்கும் வெற்றுச் சுவரில் மாட்டலாம் என்பதும் அவர் யோசனைதான். ஒவ்வொரு பூவின் பின்னாலும் ஆணிக்கு ஒரு துளை போட்டார். துளைக்குப் பக்கத்தில், மண் காய்ந்ததும், நான் பென்சிலால் தேதி எழுதினேன்.

கார்த்திகையில் பாவா வந்தார். தட்டில் காய்ந்துகொண்டிருந்த பூக்களைப் பார்த்தார்.

“இன்னா மச்சான், தறிய வுட்டுட்டு பூக்கடை போட்டுட்டியா?”

“உனுக்கு ஒண்ணு வேணுமா பாவா? காதுல வெச்சிகினு போ.”

சிரித்தார்கள். கிளம்பும்போது பாவா என்னிடம் தனியாகச் சொன்னார். “தை பொறந்தா வேற ஆள வெச்சித்தான் ஆவணும், தங்கச்சி. ரெண்டு தறி சும்மா நிக்குது.”

மார்கழி நடுவில் இவர் மண்ணைத் தொடுவதை நிறுத்திவிட்டார். “மொத நாள் எப்டி இருந்துச்சோ அப்டியேதான் கீது. இதோட போதும்” என்றார். இல்லை என்று காட்ட என்னிடம் சான்று இருந்தது. பூக்களைத் தேதிவாரியாக மாட்டினால் விரல் தேறியது சுவரிலேயே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். முப்பத்தொன்றையும் பட்டறைச் சூளையில் சுடக் கொடுத்தேன்.

வெள்ளைவெளேரென்று திரும்பி வந்தன. பின்பக்கமும் அப்படியே வெள்ளை.

“பென்சில்லயாம்மா எழுதின? சூட்டுல எரிஞ்சி பூடுமே” என்றார் பட்டறைக்காரம்மா. “மண்ணு ஈரமா இருக்க சொல்லவே ஊசியால கீறணும்.”

எல்லாவற்றையும் குறித்துவைக்கும் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. குறிப்பேட்டில் இதழ் எண்ணிக்கை இருந்தது. ஆனால் பத்தொன்பது பூக்களுக்கு ஐந்து இதழ்; அதை வைத்து எது எந்த நாள் பூ என்று பிரிக்க முடியவில்லை. கடைசியில் தடித்த இதழ்கள் முதலிலும் மெல்லியவை பின்னாலும் வருமாறு தரையில் அடுக்கி அவரைக் கூப்பிட்டேன்.

முதல் பூவை எடுத்துப் பார்த்தார். “இதுவா மொதல்ல? இது கடைசி வாரம் செஞ்சது.”

“இவ்ளோ தடியாவா?”

“மண்ணு காஞ்சி பூட்ச்சி. எங்க கிள்றது?” மெல்லிய ஒன்றை எடுத்தார். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எப்போன்னு எனுக்கும் தெரியல.”

என் சான்று அதோடு முடிந்தது. தேதி எப்படியோ போகட்டும், சுவரில் மாட்டிவிடலாம் என்று ஆணிகளை அடித்தேன். பூ எதுவும் ஆணியில் ஏறவில்லை. சுடும்போது மண் சுருங்கும், துளையும் சேர்ந்து சுருங்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

“நூலு கோத்துத்தான் மாட்டணும்” என்று வீட்டில் கிடந்த, தறியில் லுங்கி நெய்யும் நூல்கண்டை எடுத்துவந்தார். முதல் முடிச்சு வழுகியது. இரண்டாவதும். கொடுங்க, நான் போடறேன் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். மூன்றாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். நின்றது. அதன் பிறகு நான் நூலை நறுக்கிக் கொடுக்கக் கொடுக்க அவர் முடிந்துகொண்டே போனார். பாதிக்கு மேல் அவர் விரலைப் பார்க்காமலே போட்டார்.

மறுநாள் காலை ஆறரை மணி பஸ்ஸில் பொதட்டூர்பேட்டைக்குப் போனார். அன்று ஒரு தறி, பொங்கல் கழித்து இரண்டு. முடிச்சை மெதுவாகத்தான் போடுகிறார் என்றாலும் பாவா வேறு ஆள் பார்க்கவில்லை.

“மார்கழி இருபது. தறியில் முதல் முடிச்சு” என்று எழுதிவைத்திருந்தேன். போன வாரம் பாவா போனில் பேசும்போது வேறு மாதிரி சொன்னார். “கார்த்திகையிலயே ஒருநாள் மதியானம், ஆளுங்க சாப்ட போயிருக்க சொல்ல, வந்து போட்டுப் பாத்துகினு இருந்தான். வரல. என்னப் பாத்ததும் எழுந்து பூட்டான். உங்கிட்ட சொல்லலியா?”

இவரிடம் கேட்டேன். “பாவா எதுனா சொல்லிகினேதான் இருப்பாரு” என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

எந்த நாள் என்று பாவாவுக்கு நினைவில்லை. குறிப்பேட்டில் அந்தக் கார்த்திகையில் இவர் மருத்துவமனைக்கென்று வெளியே போன மதியங்கள் நான்கு. அவற்றில் ஒன்றில்தான் கொட்டகைக்குப் போனாரா, போனார் என்பதே உண்மையா, இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.