முன்னே போன பெட்டி

கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் எட்டு மணி நேரம் நிற்கும் என்று பயண முகவர் அலுவலகத்தில் கூறினார்கள். அந்த எட்டு மணி நேரத்தை நான் எத்தனை முறை கூறுபோட்டுப் பார்த்தேன் என்பதை இப்போது சொல்ல இயலாது. தாராவியில் நான் நடத்திவந்த மளிகைக் கடையில், பருப்பும் சீனியும் மடித்துக் கொடுக்கும் பழுப்புத் தாள்களில் பாதி அந்தத் திட்டத்துக்கே செலவாயின. துவரம்பருப்பு வாங்கிச் சென்ற ஓர் அம்மையார் மறுநாள் பொட்டலத் தாளைத் திரும்பக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, எறங்க அரை மணி, பஸ் ஏற கால் மணின்னு எழுதியிருக்கே, பருப்பு வேகுததுக்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழாம் ஆண்டின் கோடை அது. கணவரை இழந்த என் மூத்த சகோதரி அப்போது என்னுடன் தாராவியில் இருந்தார். அவருடைய ஒரே மகள் கொழும்பில் வாழ்க்கைப்பட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை பற்றி இரு நாடுகளும் பேசிக்கொண்டிருந்த காலமாதலால், இங்கு வந்தால் திரும்பிச் செல்ல இயலாதோ என்ற அச்சம் அவளுக்கு இருந்தது. அக்கா அங்கு செல்வதற்கு விசா வேண்டி நான் எழுதிய விண்ணப்பங்கள் இரண்டும் மறுக்கப்பட்டன. அவளுக்குப் பிறந்த மகனை அக்கா நிழற்படத்தில் மட்டுமே கண்டிருந்தார்.

இந்நிலையில்தான் அந்தக் கப்பலைப் பற்றி அறிந்தேன். மேல்நாட்டிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாகப் பம்பாய் வந்து, கொச்சி, கொழும்பு சென்று, மீண்டும் பம்பாய்க்கே திரும்பும் கப்பல். அதே கப்பலில் திரும்புகிறவர்களுக்கு விசா தேவையில்லை. ஒரு நாள் கரையிறங்கும் அனுமதிச் சீட்டு போதும். ஆயினும் தனியே திரிய இயலாது. கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்த சுற்றுலாப் பேருந்திலேயே போய்வர வேண்டும்.

சுற்றுலாக்கள் இரண்டு இருந்தன. ஒன்று கண்டி சென்று மாலையில் திரும்புவது. மற்றது நகருக்குள்ளேயே சுற்றுவது. அதில் மிருகக்காட்சிச் சாலையில் முக்கால் மணி நேரம் நிறுத்தம் உண்டு. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, மிருகக்காட்சிச் சாலையின் வாயிலில் காத்திருக்குமாறு மருமகளுக்கு, அதாவது அக்காவின் மகளுக்கு, கடிதம் எழுதினேன்.

"யானையும் கொரங்கும் பாக்கதுக்கா நான் கப்பலேறுதேன்?" என்றார் அக்கா.

"அங்கதான்க்கா பஸ் நிக்கும்."

"நிக்கட்டும். எம்புள்ளைய எந்தக் கூண்டுகிட்ட நிக்கச் சொல்லியிருக்க?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனினும் அன்று முழுவதும் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

கப்பல் புறப்படும் நாள் வியாழக்கிழமை. வியாழனன்று தெற்கே சூலம். தெற்கு நோக்கிப் பயணம் ஆகாது. கப்பல் நிறுவனத்தாரிடம் நாளை மாற்றச் சொல்ல இயலுமா? எங்கள் கடையில் மாதச் சாமான் வாங்கும் மாட்டுங்கா மாமி, பஞ்சாங்கம் பார்த்து வழி கூறினார். பரஸ்தானம் வைத்துவிட வேண்டும். அதாவது, பயணத்துக்கு இன்றியமையாத பொருளை ஒரு நல்ல நேரத்தில் வீட்டை விட்டு அனுப்பி, போகிற திசையில் வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கொள்ளப்படும். பிறகு எந்நாளில் புறப்பட்டாலும் குற்றமில்லை. தாராவிக்குத் தெற்கே மாட்டுங்கா. மாமியின் வீடே அதற்குப் பொருத்தமாக அமைந்தது.

பயணத்துக்கு எட்டு நாள் முன்னதாக ஒரு புதன்கிழமை காலை, அக்காவின் தகரப் பெட்டியை மாமியின் வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தோம். இன்றியமையாத பொருள் எது என்று அக்கா யோசித்து, கப்பல் சீட்டு, பாஸ்போர்ட், அம்மை குத்திய சான்று, சுற்றுலாச் சீட்டு ஆகிய நான்கையும் மஞ்சள் துணியில் முடிந்து பெட்டியின் அடியில் வைத்திருந்தார். என்னுடையவையும் அதனுள்ளேயே இருந்தன. அது சரியான ஏற்பாடு என்றே நானும் கருதினேன். சாவியை அவர் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டார்.

அதே வாரத்தில் மேற்காசியாவில் போர் மூண்டிருந்தது. செய்தித்தாளில் நாள்தோறும் படித்தேன். அந்தப் போரில் மூடப்பட்ட கால்வாய் வழியாகத்தான் எங்கள் கப்பல் வரவேண்டும் என்பது, முகவரின் கடிதம் வரும்வரை என் அறிவுக்கு எட்டவேயில்லை. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் செல்வதாகவும், பம்பாய் வராது என்றும், பயணம் ரத்து செய்யப்பட்டது என்றும் அக்கடிதம் கூறியது.

பாலார்டு துறையில் இருந்த முகவர் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த முதிய பார்சி எழுத்தர் பொறுமையுள்ளவர். கட்டணத்தைத் திரும்பப் பெற விரும்பினால் மூன்று மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் சீட்டை ஒப்படைக்கலாம். பயணமே வேண்டுமென்றால், வேறொரு நிறுவனத்தின் கப்பல் இன்னும் பன்னிரண்டு நாளில் புறப்பட்டுக் கொழும்புக்குப் போய்த் திரும்புகிறது. அதில் சில இடங்களே உள்ளன. சனிக்கிழமை நண்பகலுக்குள் மூலச் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் கொண்டுவருவோருக்கு மட்டும் மாற்றித் தரப்படும். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

"டிக்கெட் கிதர் ஹை?" என்று கேட்டார்.

பெட்டியில் இருக்கிறது என்றேன். பெட்டி மாட்டுங்காவில் இருப்பதையும், அது அங்கே ஏன் இருக்கிறது என்பதையும் என் அரைகுறை இந்தியில் விளக்க முயன்று பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சாவியைக் கேட்டேன். அவர் கழுத்துக் கயிற்றை இறுகப் பற்றிக்கொண்டார்.

"வச்ச பரஸ்தானத்தத் திருப்பிக் கொண்டாறவும் கூடாது, அங்க வச்சுப் பிரிக்கவும் கூடாது. பிரிச்சா போற வழி அடைஞ்சு போவும்."

"பிரிக்கலன்னா கப்பலே இல்லக்கா. சனிக்கிழமை மத்தியானம் வரைதான்."

"அவ கொழும்புக்குப் போகையில என்ன நடந்துச்சுன்னு ஒனக்கு மறந்துட்டா? அடுத்த வீட்டுல வச்ச பெட்டிய நான்தான் திருப்பி வாங்கியாந்தேன். ஒரு சேலைய வைக்க விட்டுப்போச்சுன்னு. தொறந்து வச்சேன். போனவ திரும்பி வந்தாளா?"

ஒன்பது ஆண்டுகளாக அவர் இதை யாரிடமும் கூறியதில்லை. ஆனால் என் உள்ளத்தில் நியாயமற்ற ஓர் எரிச்சல் எழுந்ததை இங்கு மறைப்பதற்கில்லை. பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இந்த அலைச்சலை முடித்துவிட்டால் என்ன என்றும் எண்ணினேன். அன்று கடையில் நிறுவை இருமுறை தவறியது. வியாழக்கிழமை வந்தது, கப்பல் இல்லாமலேயே போனது. வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா பேசவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. மழை வேறு தொடங்கிவிட்டது.

வெள்ளி மாலை மாட்டுங்காவுக்குச் சென்று மாமியிடம் முறையிட்டேன். அக்காவும் உடன் வந்தார்; பெட்டியை நான் உடைத்துவிடுவேனோ என்ற ஐயத்தால்தான் வந்தார் என்பது என் கணிப்பு. அவர் நேரே சென்று பெட்டியின் மேலேயே அமர்ந்துகொண்டார்.

மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதப் பாருங்கோ, அண்ணாச்சி. பெட்டி பின்னால வரப்படாது, அவ்வளவுதானே சாஸ்திரம்? முன்னால போகப்படாதுன்னு யாரு சொன்னா?" என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"கப்பலாபீஸ் எந்தப் பக்கம்?"

"தெக்க" என்றேன்.

"அப்புறம் என்ன? பெட்டி நாளைக்கு இங்கேருந்து பிரயாணம் கிளம்பறது. துறைமுகத்துக்குப் போயிட்ட பெட்டியைத் தொறந்து டிக்கெட்டைக் காட்டாம கப்பல்ல யாரு ஏறுவா? அங்க தொறந்தா அது பிரிக்கறது இல்லை. பிரயாணம் பண்றது."

அக்கா பெட்டியை விட்டு எழுந்தார். பின்பு, "ஆனா பெட்டி மறுபடி இங்க வரக் கூடாது" என்றார்.

"வர வேண்டாமே. எங்காத்துக் கூடத்துல நடக்கவாவது எடம் கெடைக்கும்."

சனிக்கிழமை காலை மாட்டுங்கா நிலையத்தில் உள்ளூர் ரயிலில் அந்தப் பெட்டியை ஏற்றினோம். அலுவலகம் செல்வோரின் நெரிசல். என் முழங்காலில் அடி. ஒருவர் பெட்டியைக் காலால் நெம்பியவாறு, "ஆகே சலோ, ஆகே!" என்று கத்தினார். அக்காவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, முன்னால போன்னு அவனே சொல்லுதான்" என்றார். ரயில் போய் முடியும் வி.டி. நிலையத்திலிருந்து சுமைகூலி ஒருவர் தலையில் பெட்டி சென்றது. மழையில் நாங்கள் இருவரும் அதன் பின்னே ஏறக்குறைய ஓடினோம். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கூலிக்காரர் இடப்பக்கச் சந்தில் திரும்பியபோது, "வடக்க போறானா?" என்று அக்கா பதறினார். இல்லை, அது கிழக்கு.

பதினொன்றே முக்காலுக்கு முகவர் அலுவலகத்தின் நடுக்கூடத்தில் பெட்டி இறக்கப்பட்டது. அக்கா கழுத்துச் சாவியால் திறந்தார். மஞ்சள் முடிச்சு அடியில் இருந்ததால் மேலிருந்த அனைத்தும் வெளியே வர வேண்டியதாயிற்று. அதிரசச் சம்புடம், கருப்பட்டி, கைமுறுக்கு, இரண்டு சேலைகள், பையனுக்கு மூன்று சட்டைகள். அவன் வளர்த்தி தெரியாததால் மூன்றும் மூன்று அளவு. வரிசையில் நின்றிருந்தோர் வழிவிட்டு விலகி நின்று பார்த்தனர். பார்சி எழுத்தர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, "அரே பாய், துகான் கோல்னே ஆயா க்யா?" என்றார். கடை விரிக்கவா வந்தாய் என்பது பொருள். கூடம் முழுவதும் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து எட்டுத் தாள்களையும் எழுத்தரின் மேசையில் வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

இரண்டு இடங்கள் கிடைத்தன. கொழும்பில் நண்பகல் முதல் ஆறு மணி வரைதான் நிற்கும் என்றார் எழுத்தர். சுற்றுலாவுக்குப் புதிய சீட்டு வாங்க வேண்டும். பழைய சுற்றுலாச் சீட்டின் தொகையைக் கொழும்பு நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். அதற்காக நான் பின்னர் மூன்று கடிதங்கள் எழுதி ஓய்ந்தேன். ஆனால் பெட்டி திரும்பாது என்ற செய்தியை அவரிடம் கூறுவதே அன்று பெரும்பாடாயிற்று. கப்பல் புறப்படும்வரை ஒன்பது நாள் பெட்டியை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டபோது அவர் அக்காவைப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. சரக்கறைப் பையனை அழைத்துப் பெட்டிக்கு ஒரு சீட்டு ஒட்டச் சொன்னார். அக்கா அதிரசச் சம்புடத்தை அவரிடமே கொடுத்துவிட்டார். ஒன்பது நாள் தாங்காது என்று என்னிடம் காரணம் கூறினார்.

மருமகளுக்குத் தந்தி அடித்தேன். நாள், நேரம், மிருகக்காட்சிச் சாலை வாயில். கப்பல் ஏறும்வரை பதில் வரவில்லை. மூன்று நாள் கடல் கொந்தளிப்பில் எனக்குத் தலை நிற்கவில்லை. அக்கா எதையும் பொருட்படுத்தாமல் மேல்தளத்தில் உட்கார்ந்து தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழும்பை அடைந்ததும் ஒரு வியாழக்கிழமைதான். படகில் கரை சேரவே ஒரு மணியாகிவிட்டது. பேருந்து மிருகக்காட்சிச் சாலையில் நின்றபோது மணி இரண்டே கால். வாயிலில் அவள் இல்லை. வழிகாட்டி எங்களை உள்ளே விரட்டினார். இருபது நிமிடங்கள் கூண்டு கூண்டாகத் தேடினோம். யானைகளுக்கு நீர் வைக்கும் தொட்டியருகே, பையனின் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முதுகை அக்கா கண்டார். அவள் காலை ஏழு மணியிலிருந்து வாயிலில் நின்றிருக்கிறாள். பையனுக்குத் தாகம் என்று உள்ளே வந்த அந்தச் சற்று நேரத்தில்தான் நாங்கள் வந்திருக்கிறோம்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சட்டைகளில் பெரியதும் பையனுக்குப் பற்றவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் வழிகாட்டி சீழ்க்கை ஊதினார். மருமகள் பையிலிருந்து சிறு துணிமூட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"அம்மா, இத நீ கொண்டுபோ. எம் பரஸ்தானமா இருக்கட்டும்."

அக்கா கையை நீட்டவில்லை. "தம்பி, மணி என்ன?"

"மூணுக்கு அஞ்சு நிமிசம் இருக்கு. பஸ் போயிரும்க்கா!"

"வியாழன் மூணு மணி வரை ராகுகாலம். நில்லு."

சீழ்க்கை மீண்டும் ஒலித்தது. வெள்ளைக்காரப் பயணிகள் பேருந்தின் சாளரங்களிலிருந்து எட்டிப்பார்த்தார்கள். மூட்டையை நீட்டியபடி மகளும், கையை மடக்கியபடி தாயும் ஒருவரையொருவர் பார்த்து நின்றனர். அந்த ஐந்து நிமிடமும் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது என்பது எனக்குப் பின்னர்தான் உறைத்தது. அப்போதோ நான் வினாடி முள்ளைப் பார்த்து, "மூணு!" என்று கூவினேன். அக்கா இரு கைகளாலும் மூட்டையை வாங்கிக்கொண்டார்.

தாராவி வந்து சேர்ந்ததும் தகரப் பெட்டியைத் திறந்தார். மூட்டையைத் திறக்கவில்லை. அது அரிசிச் சாக்குகளுக்கு மேலுள்ள பரணில் இருந்தது. எங்கள் கூரை ஒவ்வொரு மழையிலும் ஒவ்வோர் இடத்தில் ஒழுகும். நடுச்சாமத்தில் எழுந்து அதை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்த்துவது என் பொறுப்பு. அவ்வாறு ஐந்து மழைக்காலங்கள் நகர்த்தினேன். ஆறாவது மழைக்கு முன் அதைப் பிரிக்க உரியவள், பையனோடு வந்து சேர்ந்தாள்.