அரக்குச் சேலைக்குப் பின்னால் ஒரு நிலவு

ஐயம்பேட்டையில் ஒரு கடைச் சுவரில் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எஸ்தர் அக்காவின் மகள். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க மாமா." பாதி எழுத்தை அப்படியே விட்டுச் சாரத்திலிருந்து இறங்கினேன்.

காஞ்சிபுரத்தில் சுவர்ப் படம் என்றால் அக்காதான் என்பது உங்களுக்குத் தெரியும். நான் எழுத்து, அவர் படம். வருடக்கணக்காக ஒன்றாகத் திரிந்தோம். எனக்கு எல்லா டப்பாவும் திறந்திருந்தால்தான் கை ஓடும். அக்காவுக்கு நீலம், வெள்ளை, கொஞ்சம் காவி போதும். மற்ற இரண்டிலும் ஒரு சொட்டு நீலம் கலந்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவார். "எல்லாம் ஒரே வூட்டுப் புள்ளைங்களா தெரியணும்பா" என்பார்.

பட்டு ஜவுளிக்காரர் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்காகத் தனது மண்டபச் சுவரில் நிலவொளியில் ஓர் ஆறு கேட்டார். மூன்று ஆறுகள் கூடுகிற திருமுக்கூடலை அக்கா வரைந்தார். தூரத்து மரங்களை வெளிறிய நீலத்தில் தீட்டி, காய்வதற்குள் அடிப்பாகத்தை ஈரத்துணியால் ஒற்றினார். மரங்களின் கால்கள் பனிக்குள் போய்விட்டன. கிட்டத்து மரங்களுக்கு மட்டும் காவி சேர்த்துக் கருமை ஏற்றினார். நிலவை வரையவே இல்லை. வெள்ளைச் சுவரை வட்டமாக விட்டுவிட்டார்.

ஜவுளிக்காரருக்கு முகம் சுருங்கியது. "என்னம்மா, சாயம் போன சேலையாட்டம் இருக்குது? பார்டர் எங்க? ஜரிகை கலர்லயாவது ஒண்ணு போடும்மா."

எதைப் பார்த்தாலும் பார்டர் தேடுகிற ஊர்தானே நமது! நானும் தங்க நிற டப்பாவைத் திறந்தேன். அக்கா அதை வாங்கி மூடினார். "கல்யாணம் முடியட்டும்பா. புடிக்கலன்னா நானே வெள்ளையடிச்சுத் தர்றேன்." இவ்வளவு உழைப்பையும் பணயம் வைக்கிறாரே என்று எனக்குக் கோபம்.

கல்யாணத்தன்று மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் அந்தச் சுவர் முன்னால் வந்து நின்றன. ஒவ்வொரு சேலையும் தனியாக எடுப்பாகத் தெரிந்தது. போட்டோக்காரர் மேடையை விட்டுவிட்டு எல்லோரையும் அங்கேயே நிறுத்தினார்.

"கலரு சேலையில வருதுப்பா. சுவரு எதுக்கு அதோட சண்டை போடணும்?" என்றார் அக்கா.

ஜவுளிக்காரரே வந்தார். "நீயும் நில்லும்மா" என்று அக்காவை நிலவுக்குக் கீழே நிற்கவைத்துப் படம் எடுக்கச் சொன்னார்.

இப்போது அக்காவின் சவப்பெட்டியருகே வைத்திருந்தது அந்தப் படம்தான். அரக்குச் சேலையில் அக்கா சிரிக்கிறார். பின்னால் பனி, மேலே அவர் தொடாமல் விட்ட நிலவு. அழுதேன். ஆனாலும் மனசு நிறைந்துதான் இருந்தது.

மறுநாள் அந்தக் கடைச் சுவருக்குத் திரும்பினேன். வழக்கம்போல எல்லா டப்பாவையும் திறந்தேன். பிறகு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடினேன். அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த மூடுகிற கைதான். வெள்ளையில் ஒரு சொட்டு நீலம் விட்டேன்.