இறங்கி வந்த தாயத்து

அப்பா சாகப்போகிறார் என்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று எட்டு வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய தாயத்து நாளுக்கு நாள் கீழே இறங்கி வந்ததை வைத்து அதைக் கண்டுபிடித்திருந்தேன்.

கடல் தாண்டிப் பிழைக்க வந்த எங்களுக்குப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் ஓர் அறை. அப்பா தண்டவாளத்தில் சம்மட்டி அடிப்பவர். புஜத்தில் கறுப்புக் கயிற்றில் கட்டிய தாயத்து சதையில் பதிந்தே கிடக்கும். அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரசர் வந்து பார்த்தார். நெஞ்சு பலவீனமாம். "எந்திரிக்கவே கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு அம்மா அவரைத் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தொட விடவில்லை.

மூன்று மாதத்தில் அப்பாவின் வயிறும் காலும் உப்பின. அரைஞாண் இறுகிப்போகவே அம்மா நீளமாக வேறு கட்டிவிட்டாள். "கஞ்சி ஒடம்புல ஒட்டியிருக்கு, சதை போட்டுட்டாரு" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமை வேறு. உப்பியது வெறும் நீர் என்பதும், இதயம் தளர்ந்தவர்களுக்குச் சதை கரையும், படுத்தே கிடந்தால் இன்னும் கரையும் என்பதும் நான் கிழவியான பிறகு ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

அம்மா அரைஞாணைப் பார்த்தாள். நான் தாயத்தைப் பார்த்தேன். அது முழங்கைக்கு வந்துவிட்டது. கையை விட்டுக் கழன்று விழுந்தால் உயிர் போய்விடும் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அம்மா குழாயடிக்குப் போனதும், அவருக்கு வலிக்குமோ என்று பயந்து பயந்து, கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு மேலே ஏற்றிவிடுவேன். அப்பா கையை நீட்டுவார்.

அப்போதுதான் ரயில்வேயிலிருந்து கடிதம் வந்தது. பெரிய டாக்டர் முன்னால் நடந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் வேலை போகும், அறை போகும், எங்களை ஊருக்கே கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள். அம்மாவுக்குக் கப்பல் பயம். எனக்குத் தாயத்துப் பயம். நடந்து காட்ட வேண்டிய நாளன்று காலை பார்த்து அம்மா வீட்டை விட்டு நகரவே இல்லை. முடிச்சுப் போட முடியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கேட்டு வரை போய்த் திரும்ப வேண்டும். எல்லோரும் அப்பாவின் காலைப் பார்த்தார்கள். நான் கையையே பார்த்தேன். கேட்டைத் தொட்டுத் திரும்பினார். வியர்வையைத் துடைத்துக் கையைக் கீழே விட்டார். தாயத்து சரசரவென்று இறங்கி மண்ணில் விழுந்தது.

"அப்பா!" என்று கத்தினேன்.

பாதி வழியில் அவர் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. பெரிய டாக்டர் தலையை ஆட்டிவிட்டு ஏதோ எழுதினார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ரிக்‌ஷாவில் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன். "நான்தாம்பா. இன்னிக்கி முடிச்சு போடல."

அப்பா வெகுநேரம் மூச்சைச் சேர்த்தார். "உம்மேல தப்பில்ல பாப்பா. அது மட்டமான கயிறு. நீண்டுபோச்சு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. கயிறு விற்றவனை வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். அப்பாவும் என்னோடு சேர்ந்து திட்டினார்.