கையை விட்டு ஓடிய ரம்பம்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கீழ்க்கட்டளையில் இருக்கும் எங்கள் வீட்டு ஷெட்டில் நடந்தது இது.

எனக்கு மரவேலை என்றால் பைத்தியம். படப்பையில் ஒரு பழைய இரும்புக் கடையில், கையில் பிடித்து மரம் அறுக்கும் பழங்காலத்து மின்சார வட்ட ரம்பம் ஒன்றைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். இரண்டு மாதம் ஆபீஸ் விட்டு வந்ததும் அதோடுதான் உட்கார்ந்திருந்தேன். துருவைத் தேய்த்து, வயரை மாற்றி, பெயின்ட் அடித்து, புது பிளேடு போட்டேன். சுவிட்ச் மட்டும் சில சமயம் ஒட்டிக்கொண்டது. பற்களை மூடும் இரும்பு மூடியும் சரியாக இறங்கவில்லை. இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதைக் கம்பியால் மேலே தூக்கிக் கட்டிவிட்டேன்.

"அதைச் சரி பண்ணிட்டு ஓட்டேன்" என்றார் கணவர்.

"ஒரே ஒரு பலகைதாங்க. சும்மா பிடிங்க."

பாதிகூட அறுத்திருக்க மாட்டேன். பலகை பிளேடை இறுக்கிப் பிடிக்க, மெஷின் எகிறி என் கையை விட்டுப் போனது. கீழே விழுந்தும் நிற்கவில்லை. சுவிட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டது. திறந்து கிடந்த பற்கள் தரையைக் கடித்து, பொறி பறக்க, அது தானாகவே ஓட ஆரம்பித்தது. கணவர் வெறுங்காலோடு, ஷெட்டில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டருக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். சுவிட்ச் போர்டு எதிர்ச்சுவரில், நடுவில் ரம்பம். வயரைப் பிடித்து இழுத்தேன். அது சட்டென்று திரும்பி அவர் பக்கமே போனது.

திடீரென்று எல்லாம் அடங்கியது. தலைக்கு மேல் ஃபேனும் நின்றுபோயிருந்தது.

வாசலில் மீட்டர் பெட்டியருகே எதிர் வீட்டு அக்கா துடைப்பத்தோடு மூச்சு வாங்க நின்றிருந்தார். "அறுக்கிற சத்தமா அது? இன்னாவோ ஆயிடுச்சுன்னு ஓடியாந்து மெயின ஆஃப் பண்ட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?"

முந்தின வாரம்தான், சத்தம் தாங்கவில்லை என்று அவர் சொன்னதற்கு முகத்தில் அடித்தாற்போலப் பேசி அனுப்பியிருந்தேன்.

கணவரின் கால் கட்டைவிரலுக்கும் பிளேடுக்கும் ஒரு சாண்கூட இல்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா கொண்டுவந்த தண்ணீரை முதலில் அவருக்குக் கொடுத்தேன்.

பிறகு சுவிட்சையும் மூடியையும் தாம்பரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றியாகிவிட்டது. ரம்பம் இன்றும் நன்றாக ஓடுகிறது. ஆனாலும் அதைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் பயத்தில் மூடி இறங்குகிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுகிறேன். அந்தப் பயம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் இப்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.