சண்டைப் படமும் ஒரு ஞாயிறு மதியமும்

ஒரு குடும்பம் ஒரு படத்தைப் பார்க்கலாமா என்று சொல்லும் பொறுப்பை ஏற்றவன், அவர்கள் அதைப் பார்க்காமல் இருந்தால் நேரக்கூடியதற்கும் பொறுப்பாளியா? அறுபதுகளின் நடுவில், பம்பாய் தாராவியில், எங்கள் தமிழ்த் திருச்சபையின் வாசலில் இந்தக் கேள்வி என்னை மறித்து நின்றது.

அப்போது நான் பட்டப்படிப்பை முடித்து, கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். சபையார் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சினிமாவே பாவம் என்றார்கள் சிலர். பிள்ளைகள் எப்படியும் போகத்தான் போகிறார்கள் என்றார்கள் மற்றவர்கள். இந்த இழுபறிக்கு எங்கள் ஐயர் (போதகரை அப்படித்தான் அழைப்போம்) ஒரு வழி கண்டார். மாட்டுங்காவில் தமிழ்ப் படம் வந்தால், வாலிபர் சங்கத்தில் ஒருவர் சனிக்கிழமையே பார்த்துவிட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குடும்பத்தோடு போகலாமா என்று அறிவிக்க வேண்டும். படித்தவன் என்று அந்த வேலை என்மேல் விழுந்தது.

அந்த வாரம் வந்தது முழுக்க முழுக்கச் சண்டைப் படம். கதாநாயகன் ஏழைகளுக்காகத்தான் அடிக்கிறான் என்றாலும், மன்னிப்பு என்ற ஒன்றை அவன் அறியவே இல்லை. சத்துருவைச் சிநேகிக்கச் சொன்னவரை வணங்கும் வீட்டுப் பிள்ளைகள் இதற்குக் கைதட்டுவதா? போதாததற்கு நடுவில் ஒரு சாராயக் கடைக் காட்சி. குடிப்பதை அத்தனை குதூகலமாகக் காட்டியிருந்தார்கள். கூடாது என்று முடிவு செய்துவிட்டே ஆராதனைக்குப் போனேன்.

வாசலில் ஓர் அக்கா காத்திருந்தார். அவருடைய கணவருக்குத் தோல் பதனிடும் பட்டறையில் வேலை. திருட்டுச் சாராயத்தில் மூழ்கிக் கிடந்தவர், அந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில்தான் குடியை விட்டிருந்தார். இனிச் சபை சொல்வதை மீறுவதில்லை என்று பொருத்தனையும் செய்திருந்தார்.

"தம்பி, படத்துக்குப் போலாம்னு சொல்லுவியளா?"

"ஒரே அடிதடி அக்கா. சாராயக் கடை வேற வருது. குடும்பத்துக்கு ஆகாது."

அவர் முகம் வாடியது. "ஆகாதுதான். ஆனா ஞாயித்துக்கெழம மத்தியானம் பாத்துத்தான் பழைய கூட்டாளியெல்லாம் வந்து குடிக்கக் கூப்பிடுதானுவ. தியேட்டர்னா மூணு மணி நேரம் எங் கண்ணு முன்னால இருப்பாருல்லா? நீங்க வேண்டாம்னுட்டா அவரு வர மாட்டாரு."

தடுத்தால் கூட்டாளிகள், அனுமதித்தால் திரையில் அதே சாராயம். எதைச் சொன்னாலும் அந்த வீடு உடையலாம். அன்றைய பிரசங்கத்தில் ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை. கடைசியில் எழுந்து, "அடிதடி அதிகம். பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். பெற்றோரோடு போகலாம். நானும் வருகிறேன்" என்றேன்.

ஐயர் புருவத்தை உயர்த்தினார். வெளியே வந்ததும் அக்காவின் கணவர் என் முதுகில் தட்டினார். "நேத்துதான பாத்திய? இன்னைக்குமா? நல்லா ருசி கண்டுட்டிய தம்பி!"

தியேட்டரில் அக்காவும் பிள்ளைகளும் அவருக்கு ஒரு பக்கம் இருக்க, மறுபக்கத்தில் நான் உட்கார்ந்தேன். சாராயக் கடை திரையில் வந்ததுதான் தாமதம், அவர் விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பின்னாலேயே ஓடினேன். கூடத்தில் இல்லை. படியிலும் இல்லை. தெருவுக்கு வந்து பார்த்தால், ஒரு கடலை வண்டியருகே நின்று, புதிதாக வறுத்துத் தரச் சொல்லி வண்டிக்காரரோடு இந்தியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, இப்படி மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. திடீர்னு எந்திரிச்சு வந்துட்டியளேன்னு..."

"அந்தக் கடைய நான் எதுக்குப் பாக்கணும்? நாம பாக்காத கடையா! அது முடியட்டும்னு வந்தேன். பிள்ளையளுக்குக் கடலையும் ஆச்சு. இந்தப் பொட்டலத்தப் பிடிங்க, அடுத்த சண்டை ஆரம்பிச்சிரப் போறான்."

நின்ற இடத்திலேயே மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். நாங்கள் உள்ளே போனபோது அக்கா திரையைப் பார்க்கவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலையை வாங்கிப் பிள்ளைகள் மடியில் போட்டுவிட்டு, முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் அவரும் படம் பார்த்தார்.

அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் சபைக்காகப் படம் பார்த்தேன். ஆனால் போகலாம், கூடாது என்று ஒரு வார்த்தையில் தீர்த்துவிட்டு அமர்வதை நிறுத்திவிட்டேன். படத்தில் இருப்பதை இருந்தபடி சொல்லி, போகிறவர்களின் வீட்டு நிலைமையையும் கேட்டறிந்த பிறகே என் கருத்தைச் சொன்னேன்.